மலை விடுதியில் தங்குவது: நீலகிரிக்கு வருவோர் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

பங்குனி பிறந்துவிட்டால் குன்னூரில் குடியிருப்பவர்களுக்கு உறவினர் கூட்டம் பெருகிவிடும். ஆண்டு முழுவதும் பேசாதவர்கள்கூடத் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரித்து, மூன்றாவது வாக்கியத்தில் 'நல்ல ரூம் ஏதாவது இருந்தால் சொல்லேன்' என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒருமுறையாக எழுதி வைக்கிறேன். விடுதிகளின் பட்டியலை இதில் தேட வேண்டாம். ஒரு மலை விடுதியை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் இதில் இருக்கிறது.

உங்களுக்கு மிகவும் பிடித்த விடுதி எது?

கோத்தகிரியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில், பத்து அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அந்தக் கட்டடத்தில் துணிக்கடை நடக்கிறது. நான் மலைக்குக் குடிவருவதற்கு முன்பு, ஒரு தை மாதத்தில், நண்பர் வீட்டுத் திருமணத்துக்காகத் திருப்பூரிலிருந்து வந்து இரவு ஒன்பது மணிக்கு அங்கே போய் நின்றேன். மேசைக்குப் பின்னால் குல்லாயும் மப்ளருமாக உட்கார்ந்திருந்த பெரியவர் என் முகவரியைக் கேட்பதற்கு முன்னால், "காலையில எத்தன மணிக்குங்க கெளம்போணும்?" என்று கேட்டார். ஐந்தரைக்கு என்றேன். "அப்ப அஞ்சு மணிக்கு வெந்நீர் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பதிவேட்டைத் திறந்தார்.

அறையில் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. ஆனால் கம்பளியைப் போர்த்திக்கொண்டபோது அதில் வெயில் வாசனை வந்தது. பகல் முழுவதும் மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. புகை மணக்கும் வெந்நீர் பக்கெட், சூடு போகாமல் இருக்க அதன் மேல் கவிழ்த்த அலுமினியத் தட்டு, அந்தத் தட்டின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தேநீர். அன்றைய வாடகை எவ்வளவு என்பது எனக்கு இப்போது நினைவில்லை. அந்தத் தட்டு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பல விடுதிகளில் தங்கியிருக்கிறேன், அல்லது வந்தவர்களைத் தங்க வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அந்தப் பக்கெட்டை வைத்துத்தான் அளக்கிறேன்.

அதாவது, வெந்நீரும் கம்பளியும்தான் முக்கியம் என்கிறீர்களா?

ஆம். சமவெளியில் விடுதி நமக்குத் தருவது நிழலும் மின்விசிறியும். அவை சுமாராக இருந்தாலும் இரவு கழிந்துவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் குளிரை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதே விடுதித் தொழிலின் பெரும்பகுதி. வரவேற்பறையில் பூச்சாடியும் நீர்வீழ்ச்சியும் வைத்திருந்தாலும், படுக்கை ஈரமாகவும் குழாய்த் தண்ணீர் கை விறைக்கும்படியும் இருந்தால், வந்தவர் ஊருக்குப் போய்ச் சொல்வது அதை மட்டும்தான்.

உதகை, குன்னூர், கோத்தகிரி இவற்றில் எங்கே தங்குவது?

முதலில் உயரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரில் இருப்பதால், உதகையைவிட இரண்டு மூன்று டிகிரி இதமாக இருக்கும். கோத்தகிரியும் ஏறக்குறைய அப்படித்தான். மூட்டுவலி உள்ள பெரியவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்து வருபவர்கள் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கிக்கொண்டு, உதகையைப் பகலில் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அடுத்தது, பலர் கேட்க மறந்துவிடுவது: ஊருக்குள் எந்த இடம் என்பது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் உதகையில் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது, சற்று மேலே சரிவில் இருக்கும் வீடுகளில் அவ்வளவு கடுமை தெரிவதில்லை. ஏரியைப் பார்த்தபடி இருக்கும் அறை மே மாதத்தில் இனிமையானது. தை மாதத்தில் அதே அறைக்குக் கூடுதல் வாடகை கொடுத்துக் குளிரை வாங்கிக்கொள்கிறோம். பனிக்காலத்தில் வருபவர்கள் சரிவில், கிழக்குப் பார்த்த சன்னல் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். ஏழு மணி வெயில் கட்டில் மேல் விழுவதற்கு ஈடான வசதி எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

மழையும் ஊருக்கு ஊர் வேறுபடும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையை அதிகம் வாங்கும். அந்த மாதங்களில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் மலை ரயில் நிறுத்தப்படுவதும் வழக்கம் என்பதால், திரும்பும் நாளில் நெருக்கடியான வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அறையைப் பார்த்ததும் எதைச் சோதிக்க வேண்டும்?

தலையணையை எடுத்துவிட்டு அதன் அடியில் உள்ளங்கையை ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். குளிர்ந்த மெத்தை கொஞ்ச நேரத்தில் கையின் சூட்டில் கதகதப்பாகிவிடும். ஈரமான மெத்தை சில்லென்றே இருக்கும். மூடுபனி ஊரில் நான்கு நாள் பூட்டிக் கிடந்த அறை, பார்வைக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஈரத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையை மறைக்க ரூம் ஸ்பிரே அடித்திருந்தால் அது இன்னும் மோசமான அறிகுறி.

பிறகு வெந்நீர். 'ட்வென்டி ஃபோர் அவர்ஸ் ஹாட் வாட்டர்' என்று பலகை இல்லாத விடுதியே இந்த மாவட்டத்தில் இல்லை. எனவே பலகையை விட்டுவிட்டு, எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று கேளுங்கள். சாதாரணமாக மாட்டியிருக்கும் 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பனிக்காலக் காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் வருகிறதென்றால், அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கும் சூட்டில் ஒன்றரை பக்கெட் கிடைக்கும். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஏழு மணிக்கு எழுந்து எட்டு மணிக்குக் கிளம்ப முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். சூரிய ஒளி ஹீட்டர் மட்டும் வைத்திருப்பவர்களிடம் ஆடி மாதத்தில் போய் வெந்நீர் கேட்பது நியாயமல்ல. மரம் விழுந்து மின்கம்பி அறுபடும் ஊர் இது. ஆகையால் பின்கட்டில் விறகு பாய்லர் வைத்திருக்கும் விடுதிக்கு நான் எப்போதும் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுவேன்.

மின்விசிறி இல்லையே என்று சிலர் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது குறையல்ல.

கணப்பு உள்ள அறையை எடுக்கலாமா?

எடுக்கலாம், விறகு எரியும் கணப்பின் முன்னால் உட்கார்ந்து பேசிய ஓர் இரவு எந்தக் குடும்பத்துக்கும் நீண்ட நாள் நினைவிருக்கும். ஆனால் புகைபோக்கி திறந்திருக்கிறதா, அண்மையில் சுத்தம் செய்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில் குருவிக்கூடோ தகரமோ அடைத்து, கணப்பு வெறும் அலங்காரமாக நிற்கிறது.

இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ, வெளியில் இறைச்சி சுட்ட பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் கொண்டுவந்து, கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவோர் இருக்கிறார்கள். மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஆக்சிஜனை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குபவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும் இதே ஆபத்தைத்தான் தரும். குளிருகிறதென்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள். அந்த அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழைய மாளிகை விடுதிகள் கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஒரே ஓர் இரவு, ஏதேனும் விசேஷத்துக்காக என்றால், தகும். இந்த மலையில் வெளியார் தங்கத் தொடங்கியதே ஒரு கோவை ஆட்சியரின் ஆசையிலிருந்துதான். ஜான் சல்லிவன் 1819 வாக்கில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கண்ணேரிமுக்கில் ஒரு பங்களாவும், 1822-இல் தொடங்கி உதகையில் கல் வீடும் கட்டினார். கல் வீடு இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. பிறகு சென்னை மாகாண அரசே கோடையில் இங்கே இடம்பெயர்ந்து நடக்கத் தொடங்கியதும், மாதக்கணக்கில் தங்குவோருக்காக வீடுகளும் விடுதிகளும் பெருகின. உதகையின் சவாய் 1829-இல் மிஷன் பள்ளியாகத் தொடங்கிய இடம். ஃபெர்ன்ஹில் மைசூர் அரச குடும்பத்தின் கோடை மாளிகையாக இருந்தது.

இவற்றில் தங்குவோர் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டடங்கள் எல்லாம் வேலைக்காரர்கள் நாள் முழுவதும் கணப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்த காலத்துக்காகக் கட்டப்பட்டவை என்பதை. உயரமான கூரையும் நீண்ட தாழ்வாரமும் பார்க்க அழகு. மாலை ஆறு மணிக்கு மேல் அந்த உயரம் முழுவதையும் சூடாக்க ஒரு சிறிய எலக்ட்ரிக் ஹீட்டரால் முடியாது. எனக்கு அங்கே பிடித்தது அறைகளைவிடத் தோட்டங்கள்தான். பகலில் ஒரு தேநீர் மட்டும் குடித்துவிட்டு, தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருவதற்கும் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள் என்பதை மெதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறோம், அறை கிடைக்குமா?

நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வருபவர்கள் விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறார்கள். பேருந்திலோ காரிலோ ஏறினால் எட்டு, எட்டரைக்குள் குன்னூர் வந்துவிடலாம். விடுதியிலோ நண்பகல் பன்னிரண்டுக்கோ இரண்டு மணிக்கோதான் அறை என்பார்கள். இதற்கு எளிய வழி, மலை ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்வது. காலை ஏழு மணிக்கு மேல் புறப்பட்டு 46 கிலோமீட்டரை ஊர்ந்து கடந்து நண்பகல் வாக்கில் உதகை சேரும் அந்த ரயில், காத்திருப்பு முழுவதையும் பயணமாக மாற்றிவிடும். சீட்டு கிடைக்காதவர்கள், பழைய லாட்ஜுகளில் சில இன்னும் கடைப்பிடிக்கும் 24 மணி நேரக் கணக்கு உண்டா என்று விசாரியுங்கள். நுழையும் நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை அறை உங்களுடையது.

மைசூர் வழியாக வருபவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். முன்பதிவு செய்த அறையை எண்ணிக்கொண்டே தடுப்புக்கு அந்தப் பக்கம் காரில் தூங்கியவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள்.

சாப்பாடு எப்படி இருக்கும்?

நம் ஊரில் 'ஓட்டல்' என்றால் முதலில் இட்லி கிடைக்கும் இடம். தங்கும் இடத்துக்கு லாட்ஜ் என்று தனிப்பெயர் வைத்துவிட்டோம். இந்தப் பிரிவினை நல்லது என்பதே என் கருத்து. தங்குமிடத்திலேயே மூன்று வேளையும் சாப்பிட வேண்டும் என்று 'பேக்கேஜ்' கட்டுபவர்களிடம், காலை உணவை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

சோறு சற்று விறைப்பாக இருந்தால் சமையல்காரரை உடனே குறை சொல்ல வேண்டாம். உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் வைக்காமல் திறந்த பாத்திரத்தில் வடித்தால் அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதே காரணத்தால் தேநீரும் சமவெளியின் கொதிசூட்டை எட்டாது. ஆனால் சுற்றிலும் தேயிலை நிற்கும் மலையில், சன்னலுக்கு வெளியே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது, நூல் கட்டிய டிப் பையையும் பால் பவுடரையும் தட்டில் வைத்துத் தரும் விடுதிகளை நான் மன்னிப்பதில்லை. நல்ல இலைத் தேயிலையைக் கெட்டிலில் ஊறவைத்து, பக்கத்தில் இரண்டு வர்க்கியும் வைத்துத் தந்தால், அந்த வீட்டுக்காரருக்குத் தாம் இருக்கும் இடம் தெரிந்திருக்கிறது என்று பொருள். கோத்தகிரிப் பக்கம் படுகர் குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேக்களில், அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்த குழம்பு உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்டால்தான் வைப்பார்கள், கேட்காவிட்டால் பன்னீர் பட்டர் மசாலாதான் வரும்.

மோசமாக அமைந்த அனுபவம் உண்டா?

உண்டு. உதகையில் ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், என் அம்மாவுக்காக ஏரி தெரியும் அறை என்று கூடுதலாகப் பணம் கட்டினேன். ஏரி தெரிந்தது, குளியலறைச் சன்னலின் மேல் கண்ணாடி வழியாக, முக்காலி போட்டு ஏறினால். அதைக்கூடச் சிரித்து மறந்திருப்போம். இரவு அம்மாவுக்கு இருமல் வந்து, ஃபிளாஸ்கில் கொஞ்சம் வெந்நீர் கேட்டபோது, "கிச்சன் குளோஸ் ஆயிருச்சு சார்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்கள். அதிலிருந்து நான் பதிவு செய்யும்போது வியூ பற்றிக் கேட்பதே இல்லை. எப்படியும் பாதி நாள் மூடுபனியில் எல்லா வியூவும் ஒன்றுதான். இரவு பத்து மணிக்கு மேல் யார் விழித்திருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன்.

மசினகுடிப் பக்கம் காட்டுக்குள் தங்கலாமா?

யானைகளைப் பார்க்கும் ஆசை புரிகிறது. ஆனால் மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி யானைகள் காலங்காலமாகக் கடக்கும் வழி. அங்கே முளைத்த விடுதிகள் பற்றிய வழக்கில் யானை வழித்தட அறிவிப்பு செல்லுபடியாகும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அடுத்த சில மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிக்கருகே வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசியதையும், அது இறந்ததையும் எல்லோரும் படித்திருப்பீர்கள். 'நள்ளிரவு சஃபாரி' என்றோ, 'அறை வாசலுக்கே விலங்கு வரும்' என்றோ விளம்பரம் செய்யும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். வாசலுக்கு வரவழைக்கத் தீனி போடுகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். முதுமலையில் வனத்துறையின் ஓய்வில்லங்கள் எளிமையானவை, ஆனால் அவற்றில் இரவு இரவாகவே இருக்கும். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், மலை ஓட்டிப் பழகாதவர்கள் கூடலூர் வழியே சுற்றி வருவது மேல்.

எப்போது வந்தால் நல்ல அறை நியாயமான வாடகைக்குக் கிடைக்கும்?

மே மாதத்தைத் தவிர எப்போதும். மலர்க் கண்காட்சி நடக்கும் வாரத்தில் அறை வாடகை நாளுக்கொரு விலையாக ஏறும். பேருந்து நிலையத்தில் 'ரூம் வேணுமா சார்' என்று பின்னால் வரும் புரோக்கரின் பங்கும் அதில் சேர்ந்துகொள்ளும். செப்டம்பர், அக்டோபரை இரண்டாம் சீசன் என்பார்கள்; கூட்டம் அளவாக, தோட்டங்கள் பூவோடு இருக்கும். எனக்குப் பிடித்தது பிப்ரவரி: வானம் தெளிவு, பனி குறையத் தொடங்கியிருக்கும், விடுதிக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

சொந்த வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு வேண்டாம். 2025 கோடையில் உதகைப் பக்கம் வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. எனவே அறைக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். பில்லில் வரியும் கவனிக்கத் தக்கது: நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பழைய 12 சதவீதத்தையே போட்டு நீட்டினால் கேளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்தில் தடை செய்யப்பட்டிருப்பதால், எவர்சில்வர் பாட்டிலும் ஒரு ஃபிளாஸ்கும் கொண்டு வாருங்கள்.

படிக்கட்டு அதிகம் இருக்குமா?

இருக்கும். சரிவில் கட்டிய காட்டேஜில் 'தரைத்தளம்' என்பது சாலையிலிருந்து நாற்பது படி கீழே இருக்கலாம். தொலைபேசியிலேயே படிகளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

இரவில் வாசலில் காட்டெருமை நின்றால் என்ன செய்வது?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இது அன்றாட நிகழ்ச்சி. இங்கே எல்லோரும் காட்டுமாடு என்பார்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள். டார்ச் அடிக்கவோ செல்ஃபி எடுக்கவோ வெளியே போகாதீர்கள். குப்பைத் தொட்டியை மூடி வைக்காத விடுதியில் கரடியும் வரும் என்பதால், முதல் நாள் மாலையே பின்பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். மற்றபடி, ரிசப்ஷனுக்கு ஒரு போன் செய்துவிட்டுத் தூங்கலாம். அது தேயிலைக்குள் இறங்கிப் போன பிறகுதான் காலையில் ரூம் பாய் வெந்நீர் கொண்டுவருவார். அன்று மட்டும் நேரமானால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.